மணிமுடியைத் திருப்பித் தந்தவன்: வாசகர் கேள்வி – பதில்

சாகச நாவல் ஒன்று திரைக்கு வந்ததைப் பற்றி நெல்லைச் சீமை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு மட்டும் இம்முறை பதில் தரப்படுகிறது.

கேள்வி: ‘நாடோடி மன்னன்’ ஆங்கிலப் படம் ஒன்றைப் பார்த்து எடுக்கப்பட்டது என்று எங்கள் தாத்தா சொல்வார். அண்மையில் 1937-இல் வெளிவந்த ‘தி பிரிசனர் ஆஃப் ஜெண்டா’ படத்தைப் பார்த்தேன். இரண்டிலும் ஒரு சாதாரண மனிதன் மன்னனாக நடிக்கிறான், இரண்டிலும் வாட்போர். அப்படியானால் நம் படம் வெறும் நகல்தானா? – வாசகர், வீரவநல்லூர்

பதில்: தாத்தா சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் ‘நகல்’ என்ற சொல்லை நான் ஏற்க மாட்டேன்; ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

நீங்கள் பார்த்த ஜெண்டா படத்துக்கு மூலமான ஆங்கில நாவலை ஆண்டனி ஹோப் 1894-இல் வெளியிட்டார். ரூரிட்டானியா என்னும் கற்பனை நாட்டில் முடிசூட இருக்கும் அரசன் ருடால்ஃபுக்கும், அங்கே சுற்றிப் பார்க்க வந்த ருடால்ஃப் ராசெண்டில் என்ற ஆங்கிலேயருக்கும் ஒரே முகம். முடிசூட்டு விழாவுக்கு முந்திய இரவில், அரியணை மீது கண் வைத்திருக்கும் மைக்கேல் அனுப்பிய மதுவைக் குடித்து அரசன் நினைவிழந்து கிடக்கிறான். விழாவுக்கு அரசன் வரவில்லையென்றால் நாடு மைக்கேலின் கைக்குப் போய்விடும் என்பதால், முதிய படைத்தலைவர் சாப்ட் வற்புறுத்த, ராசெண்டில் அரசனாக நடித்து முடி சூடிக்கொள்கிறார். அதற்குள் உண்மையான அரசனை மைக்கேலின் ஆட்கள் ஜெண்டா கோட்டையில் சிறை வைத்துவிடுகிறார்கள். அரசனுக்கென்று நிச்சயிக்கப்பட்ட இளவரசி ஃப்ளேவியா, தன் எதிரே நிற்பவர் வேறொருவர் என்று அறியாமல் ராசெண்டில் மீது காதல் கொள்கிறாள். அவரோ கோட்டைக்குள் புகுந்து அரசனை மீட்டு, மணிமுடியையும் அவளையும் ஒருசேர விட்டுவிட்டு ஊர் திரும்புகிறார்.

1958 ஆகஸ்ட் 22-இல் வெளிவந்த ‘நாடோடி மன்னன்’ படத்தில் இந்தக் கதையின் எலும்புக்கூடு அப்படியே தெரிகிறது. முடிசூட இருக்கும் மார்த்தாண்டனும் நாடோடி வீராங்கனும் ஒரே முகத்தினர். சதி செய்பவர் ராஜகுரு. ஆனால் எம்.ஜி.ஆர். இன்னொரு படத்தையும் மனத்தில் வைத்திருந்தார். இளமையில் கல்கத்தாவில் பார்த்த ‘இஃப் ஐ வேர் கிங்’ என்னும் 1938-ஆம் ஆண்டுப் படம் தமக்குத் தூண்டுதலாக இருந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அதில் பிரெஞ்சுக் கவிஞன் ஒருவன் சில நாட்களுக்கு மட்டும் அதிகாரம் பெற்று, பசித்த பாரிஸ் மக்களுக்காக அதைப் பயன்படுத்துகிறான். இரண்டு ஆங்கிலப் படங்களிலும் கதாநாயகன் ரொனால்ட் கோல்மன் என்பதால் பார்ப்பவர் மனத்தில் இரண்டும் எளிதில் கலந்துவிடும். ஆனால் அவை எழுப்பும் கேள்விகள் வேறு. ‘அரியணை யாருக்கு உரியது?’ என்பது ஜெண்டா கதையின் கேள்வி. ‘அரியணை கையில் கிடைத்தால் என்ன செய்ய வேண்டும்?’ என்பது கவிஞன் கதையின் கேள்வி. நம் படம் முன்னதன் உடலுக்குள் பின்னதன் உயிரை வைத்தது.

ராசெண்டில் அரசனாக இருந்த நாட்களில் ரூரிட்டானியாவில் ஒரு சட்டம்கூட மாறவில்லை. மாற்றுவது தமக்கு உரிய செயல் அன்று என்பதே அவருடைய நேர்மை. வீராங்கனோ ஆள்மாறாட்டத்துக்கு உடன்படுவதே மக்களுக்குச் சில நன்மைகளைச் செய்ய முடியும் என்பதற்காகத்தான். சட்டங்களைத் திருத்தி அறிவிக்கும் காட்சியும், உழைப்பவர் நிலையைப் பற்றிப் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதிய வரிகளும் ஆங்கில மூலத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லாதவை. 1957-இல் தி.மு.க. முதன்முறையாகப் பொதுத்தேர்தலில் போட்டியிட்டது; அதற்கு மறு ஆண்டில் வந்த படம் இது. ஒரு கற்பனை நாட்டில் கதை நடந்ததால், நம் நாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதையெல்லாம் அச்சமின்றிச் சொல்ல முடிந்தது. ஹோப் தம் வாசகரை மகிழ்விப்பதற்காகக் கண்டுபிடித்த கற்பனை நாடு என்னும் உத்தி, இங்கே ஓர் அரசியல் மேடையாயிற்று.

இதைவிட நுட்பமான மாற்றம் ஒன்று உண்டு. விமர்சகர்கள் அதை அதிகம் பேசுவதில்லை என்பது என் வருத்தம். ஃப்ளேவியா நாவலில் திருமணமாகாதவள். எனவே போலி அரசன்மீது அவள் கொள்ளும் காதல் துயரமாக முடியலாமே தவிர, களங்கமாகாது. தமிழ்ப் படத்தில் மார்த்தாண்டனுக்கு ஏற்கெனவே மனைவி இருக்கிறாள். எம்.என். ராஜம் நடித்த மனோகரி என்னும் அந்த அரசி, தன் கணவன் முகத்தோடு வந்திருப்பவன் கணவன் அல்லன் என்று அறிகிறாள். வீராங்கன் உண்மையைச் சொல்ல, அவனை அவள் அண்ணனாக ஏற்றுக்கொள்கிறாள். ஆங்கிலக் கதை முழுவதையும் தாங்கி நிற்கும் காதல் என்னும் தூணை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அண்ணன் தங்கை உறவை நிறுத்தியும் கட்டடம் சரியாமல் நிற்கிறது. இத்தனை பெரிய மாற்றத்தைத் துணிந்து செய்தவர்களை நகலெடுத்தவர்கள் என்று எப்படிச் சொல்வது?

கேள்வி: 1937 படம் நாவலை உள்ளபடியே பின்பற்றுகிறதா? – கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

பதில்: பெரும்பாலும் பின்பற்றுகிறது, இறுதிப் பகுதியில் விலகுகிறது. அந்த விலகல்தான் படத்தின் சிறப்பு.

நாவலில் கதையைச் சொல்பவரே ராசெண்டில். தமக்கு என்ன நேர்ந்தது என்பதை அடக்கமாக, பல இடங்களில் வேடிக்கையாக, அவரே எழுதிச் செல்கிறார். கோட்டைக்குள் அவர் செய்யும் பெரும்போர் அரசனின் சிறையறையில், டெச்சார்ட் என்னும் காவலனோடு நிகழ்கிறது. அரசனுக்கு வைத்தியம் பார்க்க வந்த மருத்துவர் இடையில் பாய்ந்து உயிரை விடுகிறார். நலிந்து கிடந்த அரசனும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உதவிக்கு வருகிறான். மைக்கேலின் கையாளாகிய ரூபர்ட்டோடு அங்கே நீண்ட வாட்போர் எதுவும் இல்லை. அவன் அகழியில் குதித்துத் தப்பிய பிறகு, காட்டில்தான் இருவரும் சற்று நேரம் மோதுகிறார்கள்.

தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக், இயக்குநர் ஜான் கிராம்வெல் ஆகியோரின் படத்தில் இதெல்லாம் ஒன்றாகத் திரட்டப்பட்டது. கோல்மனும், ரூபர்ட்டாக நடித்த டக்ளஸ் ஃபேர்பாங்க்ஸ் ஜூனியரும் கோட்டைக்குள் நெடுநேரம் போரிடுகிறார்கள். போரிடும்போதே ஒருவரையொருவர் சொல்லால் குத்துகிறார்கள். இந்தப் போரில் ராசெண்டிலின் நோக்கம் ரூபர்ட்டைக் கொல்வதன்று. தூக்குப் பாலத்தின் கயிற்றை அறுத்து, வெளியே காத்திருக்கும் சாப்டின் குதிரை வீரர்களுக்கு வழிவிட வேண்டும். எனவே ஒவ்வொரு வீச்சும் அவரைக் கயிற்றின் பக்கம் நெருக்குகிறது அல்லது அதிலிருந்து விலக்குகிறது. பார்ப்பவருக்கு யார் வெல்வார் என்ற ஆவலோடு, பாலம் இறங்குமா என்ற தவிப்பும் சேர்ந்துகொள்கிறது. நல்ல வாட்போர்க் காட்சிக்கு இலக்கணம் கேட்டால் இதைத்தான் காட்டுவேன்: வாள்களுக்கு அப்பால் நிறைவேற வேண்டிய காரியம் ஒன்று இருக்க வேண்டும். அது இல்லாத சண்டை எவ்வளவு நீண்டாலும் உடற்பயிற்சியாகவே நின்றுவிடும்.

படம் வந்த காலத்தையும் நினைவில் கொள்ளுங்கள். 1936 டிசம்பரில் பிரிட்டிஷ் மன்னர் எட்டாம் எட்வர்ட் தாம் விரும்பிய பெண்ணை மணப்பதற்காக முடி துறந்தார். அடுத்த ஆண்டிலேயே, கடமைக்காகக் காதலைத் துறக்கும் ஒருவரின் கதை திரைக்கு வந்தது. ஃப்ளேவியாவாக நடித்த மேடலின் கரோலும் கோல்மனும் விடைபெறும் காட்சியை அன்றைய பார்வையாளர் வெறும் கற்பனையாகப் பார்த்திருக்க முடியாது.

கேள்வி: அந்த நடிகர்களுக்கு உண்மையிலேயே வாள்வீச்சு தெரியுமா? எங்கள் ஊர்ச் சிலம்ப வாத்தியார் படத்தைப் பார்த்துவிட்டு, “இது சண்டையில்லை, ஆட்டம்” என்கிறார். – வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: உங்கள் வாத்தியார் சொன்னது சரி, அதைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. போட்டிக்களத்து வாள்வீச்சில் மணிக்கட்டின் சிறு அசைவே வெற்றி தரும். கேமராவுக்கு அது தெரியவே தெரியாது. எனவே திரையில் வீச்சை அகலமாக்குகிறார்கள். அடியும் தடுப்பும் முன்கூட்டியே எண்ணி வகுக்கப்படுகின்றன. ஜெண்டா படத்துக்கு அந்தப் பயிற்சியைத் தந்த ரால்ஃப் ஃபால்க்னர், அமெரிக்காவுக்காக ஒலிம்பிக்கில் வாள்வீச்சுப் போட்டியில் பங்கேற்றவர். அதே படத்தில் மைக்கேலின் ஆட்களில் ஒருவராகவும் அவர் நடித்திருக்கிறார். சிலம்பத்தில் வீடு கட்டி ஆடும்போது கால் எங்கே விழ வேண்டும் என்று கணக்கு இருப்பதை வாத்தியார் உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார். படத்தை மறுபடி பார்க்கும்போது வாளை விட்டுவிட்டுக் கால்களை மட்டும் கவனியுங்கள். வகுத்தவரின் திறமை அங்கேதான் தெரியும்.

கேள்வி: 1952-இல் வந்த வண்ணப் படத்தைப் பார்க்கலாமா, 1937-இல் வந்ததைப் பார்க்கலாமா? எட்டாம் வகுப்பில் படிக்கும் மகனுக்குக் காட்ட வேண்டும். – வாசகி, தென்காசி

பதில்: பழையதையே காட்டுங்கள். ஸ்டூவர்ட் கிரேஞ்சர் நடித்த வண்ணப் படம் பழைய படத்தைக் காட்சிக்குக் காட்சி பின்பற்றியது. ஆல்ஃபிரட் நியூமனின் பழைய இசையையே எடுத்தாண்டது. வண்ணம் கூடியிருக்கிறது, ரூபர்ட்டாக வரும் ஜேம்ஸ் மேசனும் நன்றாகவே நடித்திருக்கிறார். ஆனால் முதற்படத்தின் துடிப்பு அதில் இல்லை. நாவலின் காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டதால் மூலம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அரசனின் சிறைச் சன்னலிலிருந்து அகழிக்குள் சரிவாக இறங்கும் பெரிய குழாய் ஒன்றைப் பற்றிய பகுதியை மட்டும் நீங்களே படித்துக் காட்டுங்கள். கோட்டை தாக்கப்பட்டால் அரசனைக் கொன்று உடலை அந்த வழியாக நீருக்குள் தள்ளிவிடுவது பகைவரின் திட்டம். மீதியைப் பையன் தானே தேடிப் படிப்பான்.

கேள்வி: ‘நாடோடி மன்னன்’ இசையமைப்பாளர் எங்கள் ஊர்க்காரர் என்பது உண்மையா? – வாசகர், கடையநல்லூர்

பதில்: உண்மை. எஸ்.எம். சுப்பையா நாயுடு உங்கள் ஊரில் பிறந்தவர்தாம்.

கேள்வி: இப்படிப் படமாக்கத்தக்க சாகசக் கதை நம் சீமையில் இல்லையா? எப்போதும் வெளிநாட்டுக் கோட்டைதானா? – ஆசிரியர், ஓட்டப்பிடாரம்

பதில்: ஓட்டப்பிடாரத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்கள். ஜெண்டா கோட்டையின் கதைக்கு ஈடான கதை உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, கற்பனையின் உதவியின்றி நடந்திருக்கிறது.

வீரபாண்டிய கட்டபொம்மன் 1799 அக்டோபரில் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட பிறகு, அவருடைய தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைக் கோட்டையில் சிறை வைக்கப்பட்டார். 1801 பிப்ரவரி 2-இல் ஊமைத்துரையும் உடனிருந்தோரும் அந்தக் காவலை உடைத்து வெளியேறினார்கள். வெளியேறியவர்கள் ஒளிந்துகொள்ளவில்லை, நேரே பாஞ்சாலங்குறிச்சிக்குப் போய், கும்பினியார் தரைமட்டமாக்கியிருந்த கோட்டையை மறுபடி எழுப்பினார்கள். சில நாட்களில் படையோடு வந்து சேர்ந்த கும்பினி அதிகாரிகள், இல்லாத இடத்தில் மதில் நிற்பதைக் கண்டு திகைத்தார்கள். முதல் தாக்குதல்கள் முறியடிக்கப்பட்டன. மே 24-இல்தான் கோட்டை வீழ்ந்தது.

அதன் பிறகு நடந்ததை எதிர்ப்படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரியே தம் நினைவுக் குறிப்பு நூலில் எழுதி வைத்திருக்கிறார். போர் முடிந்த களத்தில் ஒரு தாய் தன் மகனைத் தேடிக்கொண்டு வந்தாள். உயிர் போகும் நிலையில் கிடந்த மகன், தன்னை விட்டுவிட்டு, பக்கத்தில் காயத்தோடு கிடக்கும் ஊமைத்துரையைக் காப்பாற்றும்படி சொன்னான். அவளும் உடன் வந்த பெண்களும் அவரைத் தூக்கிச் சென்றார்கள். தேடி வந்த வீரர்கள் நெருங்கியபோது துணியைப் போர்த்தி, அம்மை கண்டு இறந்தவன் என்று அழுது புலம்பினார்கள்; வீரர்கள் விலகிப் போனார்கள். ஊமைத்துரை பிழைத்தெழுந்து சிவகங்கைச் சீமைக்குச் சென்று மருது சகோதரர்களோடு சேர்ந்து போரிட்டார். இறுதியில் பிடிபட்டு, 1801 நவம்பரில் பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிடப்பட்டார்.

இதைப் படமாக்க முன்வருபவருக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. ரூரிட்டானியாவை யாரும் எப்படியும் வளைக்கலாம். பாஞ்சாலங்குறிச்சியை அப்படி வளைக்கக் கூடாது. குறிப்பாக, பெயரிலேயே இருப்பதுபோல் ஊமைத்துரை வாய் பேச இயலாதவர்; தம் ஆட்களை அவர் சைகையாலேயே நடத்தினார் என்று அவருடைய பகைவரே வியந்து எழுதியிருக்கிறார். கோல்மனும் ஃபேர்பாங்க்ஸ் ஜூனியரும் வாளோடு வசனத்தையும் வீசினார்கள். நம் திரையுலகிலும் சண்டைக்கு முன்னால் வசனம் வேண்டும் என்று தயாரிப்பாளர் கேட்பார். அந்த ஆசைக்காக அவருக்குப் பேச்சுக் கொடுத்துவிட வேண்டாம். சிறை உடைப்பையும் கோட்டை எழுப்பியதையும் அவருடைய கைகளையும் கண்களையும் கொண்டே சொல்லத் தெரிந்த ஓர் இயக்குநரும், அதற்கு இசைந்து நடிக்கக்கூடிய ஒரு நடிகரும் வேண்டும். மற்றவையெல்லாம் வெல்ஷின் நூலிலும் உங்கள் வட்டாரத்துக் கதைப்பாடல்களிலும் இருக்கின்றன.