கொறங்காட்டை உழலாமா?

கேள்வி: மூலனூர் பக்கம் 4 ஏக்கர் கொறங்காடுங்க, வேலி போட்ட மானாவாரி மேய்ச்சல் நிலம். மழை பொய்த்து, கொழுக்கட்டைப் புல் கருகி, திட்டுத்திட்டாக மண் தெரிகிறது. உழுது சோளம் விதைத்துவிடலாமா?

பதில்: உழுதுவிடாதீர்கள். மேலே கருகினாலும் பல தூர்களில் வேர் உயிரோடிருக்கும். கலப்பை பட்டால் அதுவும் போய்விடும். புரட்டாசியில் வெறும் திட்டுகளை மட்டும் கீறிவிட்டு, ஏக்கருக்கு 3 கிலோ கணக்கில் கொழுக்கட்டைப் புல் விதையை ஈர மணலோடு கலந்து தூவுங்கள். பஞ்சு மாதிரி விதை, மணல் சேர்க்காவிட்டால் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். அரை அங்குலத்துக்கு மேல் புதைந்தால் முளைப்பது கடினம். புதிதாக அறுத்த விதை உறக்கத்தில் இருக்கும், ஆறு மாதமாவது பழசானதை வாங்குங்கள்.

பெரும்பாலும் காரியம் கெடுவது பச்சை கண்டதும் ஆட்டை விடுவதால்தான். இளந்தூர் வேரோடு வந்துவிடும். முதல் பருவத்தில் கதிர் முற்றி விதை உதிரும்வரை படலைத் திறக்கவே கூடாது. பிறகு கிளுவைப் போத்தை (கிளைக் குச்சி) உயிர்வேலியாக நட்டு நான்கு பாகமாக்கி, மாற்றி மாற்றி மேய்க்கலாம். வெள்வேல மரங்களை வெட்டாதீர்கள். கோடையில் அந்தக் காய்தான் ஆட்டுக்குத் தீனி.