கூட்டுச் சல்மனில் கட்டை வால்: இப்போது தீனியை மாற்றிப் பயன் உண்டா?

கேள்வி: நோர்வேயின் வடக்கே ஒரு சல்மன் பண்ணையில் கடற்கூடுகளைப் பார்த்துக்கொள்கிறேன். போன இலையுதிர் காலத்தில் விட்ட மீன்கள் ஒன்றரைக் கிலோ வரை வந்துவிட்டன. ஆனால் ஒரு கூட்டில் பல மீன்கள் வால் பக்கம் குறுகிக் கட்டையாக இருக்கின்றன. தீனி நன்றாகத்தான் எடுக்கின்றன. முட்டை வந்த இனமே சரியில்லை என்கிறார்கள் கூட வேலை செய்பவர்கள். தீனியில் தாதுச்சத்தைக் கூட்டினால் சரியாகுமா?

பதில்: தம்பி, இனத்தின் மேல் பழி போடுவதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பரம்பரைக்கும் பங்கு உண்டுதான். ஆனால் ஒரே கூட்டில் இத்தனை மீனுக்கு வால் கட்டையானால், நான் முதலில் கேட்பது நன்னீர்க் குஞ்சுப் பண்ணையின் பதிவேட்டைத்தான். கடலில் கண்ணில் படும் குறை பெரும்பாலும் அங்கேயே தொடங்கியிருக்கும்.

சல்மனின் முதுகெலும்பில் 60க்குச் சற்றுக் குறைவான கணுக்கள் உண்டு. நீங்கள் சொல்வதைப் பார்த்தால், வால் பக்கக் கணுக்கள் சில நசுங்கி ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. எலும்பு நீளவில்லை, சதை மட்டும் வளர்ந்துவிட்டது. இதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். மீனை மயக்கி, நனைந்த மெத்தையில் கிடத்தி, பெருவிரலையும் சுட்டுவிரலையும் பக்கக்கோட்டை ஒட்டிச் செவுளில் இருந்து வால்வரை மெதுவாக ஓட்டுங்கள். கெட்டியாக, அசையாமல் விரலில் தட்டும் இடம்தான் ஒட்டிய இடம். பிறகு நிறுத்து, அளந்து பாருங்கள். கிராம் எடையை நூறால் பெருக்கி, செ.மீ. நீளத்தை மும்முறை பெருக்கிய எண்ணால் வகுத்தால் வருவது உடற்கட்டு எண். 1500 கிராம் மீன் 50 செ.மீ. இருந்தால் அது 1.2, சாதாரணம். அதே எடை 44 செ.மீ. நீளத்தில் வந்தால் எண் 1.7ஐத் தாண்டிவிடும். அதைப் பார்த்து 'நல்ல கொழுத்த மீன்' என்று யாரும் சந்தோஷப்பட வேண்டாம்.

மாதிரி எடுக்கும்போது வலை ஓரத்தில் மந்தமாக நிற்பதை மட்டும் அள்ளாதீர்கள், கணக்கு பிழைத்துவிடும். எக்ஸ்றேக்கு அனுப்பும் மீனைத் தட்டையாக, நேராக வைத்து உறையவிடுங்கள். வளைந்தபடி உறைந்தால் படத்தில் எது நோய், எது பெட்டியின் வளைவு என்று பிரிக்க முடியாது. எக்ஸ்றே இல்லாமல் முடிவுக்கு வராதீர்கள். தடுப்பூசியின் பக்கவிளைவாக வயிற்றுக்குள் உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட மீன்களில், நடு உடலில் வேறொரு வகைக் கணுக்குறை அடிக்கடி தெரிகிறது. வெளியே பார்த்தால் அது தெரியாது.

இனிப் பதிவேட்டுக்கு வருவோம். முட்டை அடைகாத்த தண்ணீர் 8 பாகை செல்சியஸைத் தாண்டியதா? 10 பாகையில் பொரிந்த குஞ்சுகளில் எலும்புக் குறை கூடுவது தெரிந்த விஷயம். அப்புறம், இலையுதிர் காலத்தில் கடலுக்கு வந்தவை என்றால் ஒரு வயது நிரம்பாத ஸ்மோல்ட்டாக, அதாவது கடலுக்குத் தயாரான இளம் சல்மனாக, இருக்கலாம். சூடான தண்ணீரும் விடிய விடிய வெளிச்சமும் கொடுத்து விரட்டி வளர்த்த குஞ்சுகள் அவை. சதையின் வேகத்துக்கு எலும்பு ஈடுகொடுக்காது. ஒரு வயது நிரம்பி வசந்தத்தில் வருபவற்றைவிட இவற்றில் முதுகெலும்புக் குறை அதிகம். மும்மடி நிறப்புரி மீன்களா, அதாவது இரண்டுக்குப் பதில் மூன்று தொகுதி நிறப்புரி உள்ளவையா என்றும் கேளுங்கள். அவற்றுக்குப் பொஸ்பரஸ் இன்னும் கூடுதலாக வேண்டும், முட்டைத் தண்ணீரும் இன்னும் குளிராக இருக்க வேண்டும்.

பொஸ்பரஸ்தான் இதில் முக்கியம். கல்சியத்தை மீன் தண்ணீரில் இருந்தே செவுள் வழியாக எடுத்துக்கொள்ளும். பொஸ்பரஸ் அப்படி இல்லை, கிட்டத்தட்ட முழுவதும் தீனியில் இருந்துதான் வர வேண்டும். குஞ்சுத் தீனியில் கிலோவுக்குச் சுமார் 10 கிராம் செரிக்கக்கூடிய பொஸ்பரஸ் வேண்டும். 'செரிக்கக்கூடிய' என்பதை அழுத்திச் சொல்கிறேன். சோயா போன்ற தாவர மாவில் உள்ளதில் பெரும்பகுதி ஃபைட்டேட் என்ற சேர்மமாகக் கட்டுண்டு கிடக்கும். அதை உடைக்கும் நொதியம் சல்மனிடம் இல்லை. அதனால் தீனிப் பையில் 'மொத்தப் பொஸ்பரஸ்' என்று இருக்கும் எண்ணை நம்பி இருக்காதீர்கள். விற்பவரிடம் செரிமான அளவை எழுத்தில் கேளுங்கள்.

உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில்: ஒட்டிப்போன கணுவை எந்தத் தாதும் பிரிக்காது. பொஸ்பரஸ் குறைந்து எலும்பு மிருதுவாக மட்டும் இருக்கும் மீன், நல்ல தீனி கிடைத்தால் தேறிவிடும். ஒன்றரைக் கிலோ மீனில் நீங்கள் காண்பது அந்தக் கட்டம் இல்லை. இப்போது கூட்டிக் கொட்டினால் மிச்சம் ஃபியோர்ட் தண்ணீரில்தான் சேரும். அடுத்த தொகுதிக்குக் கடலில் விடுவதற்கு முன்னும், விட்ட முதல் மாதங்களிலும் பொஸ்பரஸ் கூடிய தீனி கொடுங்கள். பலன் கிடைப்பது அங்கேதான்.

உங்கள் கூட்டிலேயே பார்க்க வேண்டிய ஒன்றும் உண்டு. சல்மனின் தோலில் ஒட்டி வாழும் கடற்பேனுக்குப் பயந்து கூட்டை ஆழத்தில் இறக்கி வைத்தீர்களா? சல்மன் மேலே வந்து காற்றை விழுங்கித்தான் நீச்சற்பையை நிரப்பும். வாரக்கணக்கில் அது முடியாமல் போனால் தலை மேலே, வால் கீழே என்று சரிந்து நீந்தும். அப்படி நீந்தி நீந்தியே வால் பக்கக் கணுக்கள் நசியும். இரவில் கமராவைப் பாருங்கள், சரிவு தெரியும்.

இருக்கிற மீன்களை இனிப் பேன் நீக்கத்துக்காக வலையில் ஒரு பக்கம் நெருக்கிச் சேர்க்கும்போது கவனம் வேண்டும். முதுகு நசிந்த மீன் வேகமாக நீந்த முடியாமல் சீக்கிரம் களைக்கும். பின்தங்கி மெலிந்து போவதை வலி நீடிக்க விடாமல் எடுத்துவிடுங்கள். மற்றவற்றை வளர்க்கலாம், ஆனால் அறுவடைக் கணக்கை இப்போதே திருத்துங்கள். வெளிப்படையாக உருக்குலைந்த மீன் தரம்பிரிப்பில் 'உற்பத்தி மீன்' என்று இறங்கும். நோர்வே விதிப்படி அதை உள்நாட்டில் வெட்டித் திருத்தாமல் ஏற்றுமதி செய்ய முடியாது. எக்ஸ்றே முடிவோடு மீன் வைத்தியரைக் கூட்டிக்கொண்டு குஞ்சுப் பண்ணைக்காரருடன் உட்காருங்கள், அடுத்த முட்டைத் தொகுதி உறுதியாவதற்கு முன்னமே.