டிராகனை விடுங்கள், கட்டிங்கைப் பாருங்கள்

கேள்வி: ஃபேஷன் டிசைனிங் கடைசி வருஷம் படிக்கிறேன். பழைய சீன உடையை இன்று அணிகிற மாதிரி மாற்றுவதுதான் ப்ராஜெக்ட். சிவப்பு சாட்டினில் டிராகன் பிரிண்ட், ஸ்டாண்ட் காலர் என்று உடம்பை ஒட்டிய ஒரு சீபாவ் (சீனப் பெண்களின் நீள கவுன்) வரைந்து, ‘இரண்டாயிரம் ஆண்டுப் பாரம்பரியம்’ என்று தலைப்பு வைத்தேன். ‘ரெஸ்டாரன்ட் யூனிஃபார்ம் மாதிரி இருக்கு’ என்று மேடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். எங்கே தப்பு?

பதில்: மேடம் சொன்னதில் காரம் கொஞ்சம் தூக்கல்தான், ஆனால் தப்பில்லை. முதலில் அந்தத் தலைப்பை அழித்துவிடுங்கள். சீபாவ் 1920களில் ஷாங்காயில் பரவிய உடை, அதுவும் அப்போது நேராகத் தொளதொளவென்றுதான் தொங்கியது. நீங்கள் வரைந்திருக்கிற இடுப்புப் பிடிப்பும் டார்ட்டும் (உடம்பு வடிவுக்காகத் துணியைப் பிடித்துத் தைப்பது) அதற்கப்புறம் வந்தவை. நிஜமாகவே இரண்டாயிரம் வருஷம் வேண்டுமென்றால், 1972இல் சாங்ஷா நகரில் மாவாங்துய் கல்லறையைத் தோண்டியபோது கிடைத்த பட்டு மேலாடையைத் தேடிப் பாருங்கள். 128 செ.மீ. நீளம், எடை வெறும் 49 கிராம்!

ஆனால் ப்ராஜெக்டுக்கு நான் கைகாட்டுவது மிங் அரச வம்ச காலத்து (14–17ஆம் நூற்றாண்டு) மாமியன்சுன். (மாமியாருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ‘குதிரைமுகப் பாவாடை’ என்று அர்த்தம்.) ஒரே இடுப்புப் பட்டியில் இரண்டு துணி, ஒவ்வொன்றிலும் இரண்டு ஓரமும் மடிப்பில்லாமல் அகலமாக இருக்கும், நடுவில் மட்டும் மடிப்பு. சுற்றிக் கட்டினால் அந்த வெற்றுப் பகுதிகள் முன்னாலும் பின்னாலும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்துவிடும், மடிப்பெல்லாம் பக்கவாட்டுக்குப் போய்விடும், முன்னாலும் பின்னாலும் திறப்பு இருப்பதால் காலை எட்டி வைத்து நடக்கலாம். முழங்காலுக்குக் கீழே நிறுத்துங்கள், டெனிமில் தையுங்கள், மடிப்புக்குள் பாக்கெட்டை ஒளித்து வையுங்கள், எல்லாம் சரி. அந்தத் திறப்பை மட்டும் தைத்து மூடி ஜிப் வைத்துவிடாதீர்கள், வெறும் பிளீட்டட் ஸ்கர்ட் ஆகிவிடும்.

லேபிளில் அதன் பெயரையும் போடுங்கள். 2022இல் பிரெஞ்சு ஃபேஷன் நிறுவனமான டியோர் இதே சாயலில் ஒரு பாவாடையைத் தங்கள் அடையாள வடிவம் என்று சொல்லி விற்கப்போய், பாரிஸில் சீன மாணவர்கள் கடை வாசலிலேயே எதிர்ப்புத் தெரிவித்து வந்து நின்றார்கள்.

மேலாடையும் தைப்பதாக இருந்தால் அணிகிறவரின் இடது மடல் வலது மடலுக்கு மேலே வர வேண்டும், ஆண் பெண் இருவருக்கும் அப்படித்தான். மாற்றிப் போட்டால் அது இறந்தவருக்கு உடுத்துவது. நானே ஒருமுறை படத்தைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பி அச்சுக்கு அனுப்பி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பழைய பெட்ஷீட்டில் ஒரு பாவாடை வெட்டிக் கட்டி, மாடிப்படி ஏறி இறங்கிப் பாருங்கள். அப்புறம் துணி வாங்கலாம், மெல்லிய சாட்டின் மட்டும் வேண்டாம், மடிப்பு நிற்காது. டிராகன் இருந்தே ஆக வேண்டுமா? மிங் பாவாடைகளில் முழங்கால் உயரத்தில் ஒரு பட்டை, கீழோரத்தில் ஒரு பட்டை ஓடும். அங்கே ஓடட்டும்.