மேஜிக் கார்டு மாற்றுமுன்: கேட்டதும் சொன்னதும்

மேஜிக்: த கேதரிங் என்ற சீட்டாட்டத்தின் கார்டுகளை மாற்றிக்கொள்வது பற்றிக் கேளுங்கள் என்று சொன்னாலும் சொன்னேன், கேள்விகள் குவிந்துவிட்டன. முதலிலேயே ஒன்று: இன்றைய விலையைச் சொல்ல மாட்டேன். அதை உங்கள் போனே சொல்லும். பத்து வருடம் கழித்து அந்த மாற்றல் வயிற்றெரிச்சலைத் தருமா என்பதைத்தான் இங்கே பேசலாம்.

கே: அண்ணா, ஒவ்வொன்றும் 200 ரூபாய் பெறும் 20 கார்டு தருகிறேன் என்கிறேன். நண்பர் தன்னுடைய 4,000 ரூபாய் கார்டைத் தர மறுக்கிறார். கணக்கு சரிதானே?

ப: கணக்கு சரி, வியாபாரம் சரியில்லை. 4,000 ரூபாய் கார்டைப் பார்த்ததும் கடைக்காரர் பணப்பெட்டியைத் திறப்பார். இருபது சில்லறைக் கார்டைக் கொண்டுபோனால் நாலைந்தைப் பொறுக்கிக்கொண்டு மீதியை உங்கள் பக்கமே தள்ளுவார். அதை ஒவ்வொன்றாக விற்று, உறையில் போட்டு அனுப்பி, "இன்னும் வரலையே" என்பவருக்குப் பதில் எழுதி, யாருடைய ஞாயிற்றுக்கிழமை போகிறது? நண்பருடையது. அதனால்தான் சில்லறையைக் கொடுத்துப் பெரியதை வாங்குபவர் 10, 15 சதவீதம் கூட வைப்பது வழக்கம். கூட வைத்தே வாங்குங்கள். அப்புறம், கார்டை ஸ்லீவிலிருந்து (பிளாஸ்டிக் உறை) வெளியே எடுத்துப் பாருங்கள். ஓரத்து வெள்ளையும் மேலே விழுந்த கீறலும் ஸ்லீவுக்குள் தெரியாது.

கே: இப்போது எல்லா டெக்கிலும் (ஆடக் கொண்டுவரும் கார்டுக் கட்டு) ஓடும் ஒரு கார்டுக்காக என் பழைய கார்டுகளைக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

ப: இதற்கு என் சொந்தக் கதையையே சொல்கிறேன். டார்மகாய்ஃப் என்றொரு பச்சைப் பிராணி, 2007இல் ஃபியூச்சர் சைட் தொகுப்பில் வந்தது. மானா என்பது கார்டை இறக்கச் செலவழிக்கும் சக்தி. இரண்டே மானாவுக்கு அவ்வளவு பெரிய உடம்பு அன்று அரிது. 2013இல் மாடர்ன் மாஸ்டர்ஸில் மறுபடி அச்சடித்தார்கள். விலை இறங்கும் என்று காத்திருந்தோம், ஏறியது. மாடர்ன் என்ற ஆட்ட வகைக்கு அவ்வளவு புது ஆட்கள் வந்துவிட்டார்கள். ஒரு கட்டத்தில் ஒன்று 200 டாலர். 2014இல் ரிவைஸ்டு என்ற பழைய பதிப்பில் வந்த என் சவானா இரண்டைக் (மானா தரும் நிலக் கார்டு) கொடுத்து ஒரு டார்மகாய்ஃப் வாங்கினேன். அன்றைய விலைக்கு அது நியாயமான மாற்றல்தான், யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

பிறகு 2015இல் ஒரு மறுஅச்சு, 2017இல் இன்னொன்று. அதே 2017இல் ஃபேட்டல் புஷ் வந்தது: ஒரே ஒரு கறுப்பு மானாவுக்கு இரண்டு மானா பிராணியைக் கொன்றுவிடும். இன்று டார்மகாய்ஃபை வைத்து ஆடுபவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். சவானா என்ன ஆனது என்று கேட்காதீர்கள்.

நான் அன்று கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான்: இதை இன்னொரு முறை அச்சடிக்க முடியுமா? டார்மகாய்ஃபை முடியும். சவானாவை முடியாது. 1995இல் குரோனிகல்ஸ் என்ற பெயரில் பழைய கார்டுகளைத் தாராளமாக மறுபடி அச்சடித்ததில் சேகரித்து வைத்திருந்தவர்கள் கொதித்துப்போனார்கள். அதனால் மேஜிக்கை வெளியிடும் விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் 1996இல் ஒரு பட்டியல் போட்டு, இவற்றை இனி அச்சடிக்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தது. அதுதான் ரிசர்வ்டு லிஸ்ட். சவானா அதில் இருக்கிறது.

கே: இந்த வாரம் மானா கிரிப்ட் என்ன விலை போகிறது?

ப: முதல் பத்தியைப் படியுங்கள்.

கே: பளபளக்கும் ஃபாயில் கார்டு மாற்றலாமா?

ப: கடலோர ஊரில் இருந்தால் வேண்டாம். தாள் ஈரத்தை உறிஞ்சும், மேலே ஒட்டிய படலம் உறிஞ்சாது. மழைக்காலம் முடிவதற்குள் அப்பளம்போல் வளைந்துவிடும்.

கே: பையனுடைய போகிமான் கார்டுகள் ஒரு பெட்டி நிறைய...

ப: அது வேறு உலகம். போகிமான் தெரிந்தவரிடம் காட்டுங்கள், அதுவரை பெட்டியைப் பையனிடமிருந்து காப்பாற்றுங்கள்.

கே: ரிசர்வ்டு லிஸ்ட் வெறும் வாக்குறுதிதானே? 2022இல் 30ஆம் ஆண்டு பதிப்பில் பட்டியலில் உள்ள பிளாக் லோட்டஸையே அச்சடித்தார்களே. பட்டியல் அன்றே செத்துவிட்டது.

ப: நேர்மாறாகப் பார்க்கிறேன். நாலு பாக்கெட் 999 டாலருக்கு விற்ற அந்தப் பதிப்பில் கார்டின் பின்பக்கமே வேறு, போட்டியில் ஆடவும் அனுமதியில்லை. அவ்வளவு பணத்தாசை இருந்தும் உண்மையான பின்பக்கத்தை அச்சடிக்கத் துணியவில்லை என்றால், பட்டியல் உயிரோடுதான் இருக்கிறது.

கே (அதே நண்பர்): 2010 வரை பட்டியல் கார்டுகளை ஃபாயிலாக அச்சடிக்கலாம் என்று ஓட்டை வைத்திருந்தார்கள். இன்னொரு ஓட்டை கண்டுபிடிக்க எவ்வளவு நேரம்?

ப: அந்த ஓட்டையை அடைத்ததும் அவர்கள்தானே! சரி, உங்கள் பேச்சுக்கே வருகிறேன். நாளைக்கே பட்டியலைக் கிழித்துப் போட்டால் எது விழும்? முதல் பதிப்பான 1993 ஆல்ஃபாவின் பிளாக் லோட்டஸ் அவ்வளவாக விழாது. அந்தப் பதிப்பில் ஓர் அரிய கார்டு சுமார் 1,100 பிரதிதான், அதை வாங்குபவர் ஆடுவதற்காக வாங்கவில்லை. ரிவைஸ்டு சவானா விழும். அது லட்சக்கணக்கில் அச்சானது, ஆடத் தேவைப்படுவதால் மட்டுமே விலை. ஆக, பட்டியலில் இருப்பதாலேயே எல்லாம் ஒன்றல்ல. இந்த அளவுக்கு உங்கள் வாதத்தை ஏற்கிறேன்.

கே (அவரேதான்): அப்படியானால் சவானாவை விற்றுவிடலாம் என்கிறீர்கள்!

ப: அப்படிச் சொல்லவில்லை. டீ குடித்துவிட்டு வருகிறேன்.

கே: 2024 தடையில் என் கமாண்டர் கார்டுகள் படுத்துவிட்டன. முன்கூட்டியே தெரிந்திருக்க முடியுமா?

ப: தேதி தெரிந்திருக்காது, ஆபத்து தெரிந்திருக்கும். செப்டம்பர் 23 அன்று ஜுவல்டு லோட்டஸ், மானா கிரிப்ட் எல்லாம் கமாண்டர் ஆட்டத்திலிருந்து (ஒரு தலைமைக் கார்டைச் சுற்றி டெக் கட்டும் வகை) ஒரே அறிவிப்பில் போயின. ஜுவல்டு லோட்டஸ் தரும் மானாவைக் கமாண்டரை இறக்க மட்டுமே செலவழிக்கலாம். கமாண்டரில் தடை என்றால் அதற்குப் போக்கிடம் இல்லை. மானா கிரிப்டுக்காவது வின்டேஜ் ஆட்டத்தில் ஓர் இடம் இருக்கிறது. மாற்றும்போது அந்தக் கார்டு எத்தனை வகை ஆட்டத்தில் ஓடுகிறது என்று விரல் விட்டு எண்ணுங்கள். ஒரு விரலோடு நின்றால் தள்ளுபடி கேளுங்கள்.

கே: ஸ்டாண்டர்டில் (புதுத் தொகுப்புகள் மட்டும் செல்லும் ஆட்ட வகை) ஓடும் கார்டு?

ப: பெரும்பாலும் மூன்று வருடத்துக்குள் வெளியே போய்விடும். ஆடுங்கள், சூடு ஆறுமுன் மாற்றிவிடுங்கள்.

கே: போலிக் கார்டை எப்படிக் கண்டுபிடிப்பது? மானா கிரிப்ட் விலையும் சொன்னால் நன்றாக இருக்கும்.

ப: நகை பார்க்கும் லென்ஸ் ஒன்று வாங்குங்கள். கார்டின் பின்பக்கம் ஐந்து வண்ண வட்டங்கள் இருக்கும். பச்சை வட்டத்துக்குள் எல் வடிவில் நாலு சிவப்புப் புள்ளி தெரிய வேண்டும். பெரும்பாலான போலிகள் இங்கேயே மாட்டிக்கொள்ளும். இதற்கும் ஸ்லீவிலிருந்து வெளியே எடுக்க வேண்டும். எடுக்க விடமாட்டேன் என்பவரிடம் எதையும் மாற்றாதீர்கள். விலையை மூன்றாவது ஆள் கேட்டாலும் பதில் அதேதான்.

கே: நண்பனுக்கு மாற்றிக் கொடுத்த கார்டு இப்போது ஐந்து மடங்கு. ஏதாவது திருப்பிக் கேட்கலாமா?

ப: கேட்கக் கூடாது. என் சவானா இரண்டையும் வாங்கியவர் இன்றும் என்னோடுதான் ஆடுகிறார். அதை மேசையில் வைக்கும்போதெல்லாம் ஒரு நொடி கூடுதலாக விரலை அதன்மேல் வைத்திருந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார்.