ராக் டிரம்மரின் குழுவில் நம் கடம்

கேள்வி: கடக் கலைஞர் விக்கு விநாயக்ராம் பங்கேற்றுக் கிராமி விருது பெற்ற இசைத்தொகுப்பை உருவாக்கியவர் அமெரிக்க ராக் டிரம்மர் ஒருவர் என்று கேள்விப்பட்டேன். அவர் யார்? ராக் வாசித்தவருக்குக் கடத்தின் மீது நாட்டம் எப்படி வந்தது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அவர் மிக்கி ஹார்ட். 1943-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், தாயும் தந்தையும் டிரம் வாசித்த குடும்பத்தில் பிறந்தவர். 1967-இல் சான் பிரான்சிஸ்கோவின் ‘கிரேட்ஃபுல் டெட்’ ராக் குழுவில் சேர்ந்தார். அங்கே பில் க்ரூட்ஸ்மன் ஏற்கெனவே டிரம்மராக இருந்ததால், அக்குழு இரண்டு டிரம்மர்களோடு மேடையேறத் தொடங்கியது.

அதே காலத்தில்தான் தபலா மேதை அல்லா ரக்காவின் அறிமுகம் ஹார்ட்டுக்குக் கிடைத்தது. ராக் இசையில் பெரும்பாலும் நான்கு எண்ணிக்கைக்குள்ளேயே கை ஓடும். ஹார்ட் வந்த பிறகோ, மூன்று மும்மைகளும் ஓர் இரண்டும் சேர்ந்த 11 எண்ணிக்கையில்கூட அந்தக் குழு வாசித்தது. ஐந்து எண்ணிக்கையான கண்டமும் ஒன்பது எண்ணிக்கையான சங்கீர்ணமும் கேட்டுப் பழகிய நமக்கு இது புதிதன்று என்றாலும், ஆயிரக்கணக்கானோர் ஆடிக்கொண்டே கேட்கும் ராக் மேடையில் அந்தக் கணக்கை நழுவவிடாமல் நிறுத்துவது எளிய செயலன்று.

பின்னர் அல்லா ரக்காவின் மகன் ஜாகிர் உசேனுடன் ஏற்பட்ட நட்பில் ‘டிகா ரிதம் பேண்ட்’ இசைத்தொகுப்பு 1976-இல் வெளியானது. நீங்கள் கேள்விப்பட்டது 1991-இல் வந்த ‘பிளானட் டிரம்’. உலக இசைக்கென்று கிராமியில் தனிப் பிரிவு ஏற்படுத்தப்பட்டபோது, 1992-இல் அதன் முதல் விருதைப் பெற்றது இதுவே. ஜாகிர் உசேன், விநாயக்ராம் ஆகியோரோடு நைஜீரியாவின் ஓலதுஞ்சி, சிகிரு அடெபோஜு, பிரேசிலின் ஐர்டோ மொரெய்ரா, போர்ட்டோ ரிக்கோவின் ஜியோவானி ஹிடால்கோ ஆகியோரும் அதில் வாசித்தனர்.

இவர்களைச் சேர்த்து வைத்த ஹார்ட்டின் செவியைத்தான் நான் பெரிதும் மதிக்கிறேன். அடெபோஜு வாசிக்கும் ‘பேசும் முரசு’ இடை சிறுத்த வாத்தியம். அக்குளில் இடுக்கி அதன் கயிறுகளை அழுத்தினால் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும். நம் உடுக்கையும் இதே முறையில்தான் பேசுகிறது. கடத்துக்குத் தோலும் இல்லை, கயிறும் இல்லை. அந்த மண்பானையின் வாயைத் தம் வயிற்றோடு அணைத்தும் விலக்கியும் அதே ஏற்ற இறக்கத்தைக் கலைஞர் வரவழைக்கிறார். மண்ணும் தோலும் இவ்வாறு ஒன்றையொன்று விளங்கிக்கொள்ளும் என்பதை உணர்ந்தவர், கடத்தை வெறும் அலங்காரமாகச் சேர்த்திருக்க மாட்டார்.

முதியோரின் உடல்நலத்துக்கு முரசிசை உதவும் என்று 1991-இல் அமெரிக்க செனட் குழுவின் முன் சாட்சியம் அளித்தவரும் இவரே. 2007-இல் ஜாகிர் உசேன், அடெபோஜு, ஹிடால்கோ ஆகியோருடன் உருவாக்கிய மற்றொரு தொகுப்பும் கிராமி பெற்றது. ஆயினும் நீங்கள் ‘பிளானட் டிரம்’மையே முதலில் கேளுங்கள், தொடக்கத்தில் கடத்தின் ஒலியை மட்டும் பின்தொடர்ந்து, மறுமுறை பேசும் முரசின் பக்கம் செவியைத் திருப்புங்கள்.