ஒரே தெருவில் நாலு பாட்டிகள்

கேள்வி: கிருஷ்ணகிரி பழையபேட்டையில் குடியிருக்கிறோம். தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது எல்லாம் பேசுகிறார்கள். 5 வயது மகன் நாலையும் கலந்து பேசுகிறான். தமிழ் கெட்டுவிடுமா?

பதில்: கெடாதும்மா. நானும் அந்தப் பக்கம் வளர்ந்தவள்தான். ஆந்திராவும் கர்நாடகமும் தொட்டுக்கொண்டிருக்கிற மாவட்டம் அது. எதிர்வீட்டில் எனக்கு ‘அவ்வா’, பக்கத்து வீட்டில் ‘அஜ்ஜி’, மூலை வீட்டில் ‘நானி’, எங்கள் வீட்டில் ‘பாட்டி’. ஒருநாளும் மாற்றிக் கூப்பிட்டதில்லை. யுகாதிப் பச்சடியில் வேப்பம்பூவை மட்டும் பொறுக்கி ஒதுக்குவேன், “தினு!” என்று அவ்வா அதட்டுவார். நோன்பு மாதத்தில் நானி வீட்டு வாசலில் கஞ்சிக்குத் தூக்குவாளியோடு நிற்பேன். சின்ன வயதில் கலந்து பேசுவது இயல்பு, போகப்போகத் தானே பிரித்துக்கொள்வான். அதட்டித் திருத்தாதீர்கள். ராத்திரி படுக்கும்போது தமிழில் ஒரு கதை சொல்லுங்கள், போதும்.