டைவிங் தெரியாம கடல் பாதுகாப்பு வேலைக்கு வரலாமா?

ராமநாதபுரத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: பிஎஸ்சி ஜுவாலஜி முடிச்சாச்சு, பைதான் கொஞ்சம் வரும், டைவிங் தெரியாது, கடன் வாங்கியாவது டைவிங் கோர்ஸ் சேரலாமா, இல்ல ஓஷன் டேட்டா பக்கம் போகலாமா?

தம்பி, கடன் வேணாம். டைவிங் எப்ப வேணா கத்துக்கலாம், முதல்ல எம்எஸ்சி சேருங்க, அண்ணாமலை பல்கலைக்கழகத்தோட கடல் உயிரியல் மையம் இருக்குற பரங்கிப்பேட்டை மாதிரி இடம் கிடைச்சா ரொம்ப நல்லது, ஏன்னா ஜேஆர்எஃப்னு சொல்ற இளநிலை ஆராய்ச்சியாளர் வேலைக்கு பெரும்பாலும் எம்எஸ்சியோட நெட் இல்லனா கேட் தேர்வு பாஸ் பண்ணிருக்கணும். மாசம் 37,000, வீட்டு வாடகைப்படி தனி. ப்ராஜெக்ட் முடிஞ்சா வேலையும் முடிஞ்சுது, இத வீட்ல இப்பவே சொல்லி வச்சிருங்க.

ஓஷன் டேட்டா ஃப்ரீயாவே கிடக்கு, எத எதுக்கு எடுக்கணும்ங்கிறதுலதான் பல பேர் சறுக்குறாங்க. ஆர்கோன்னு கடல்ல விடுற தானியங்கி மிதவைங்க 2000 மீட்டர் ஆழம் வரை போய் 10 நாளைக்கு ஒருக்கா வெப்பநிலையும் உப்பும் அளந்து அனுப்பும், நம்ம நாட்டுல அத பாத்துக்கிறது ஹைதராபாத்துல இருக்குற இன்காய்ஸ்ங்கிற மத்திய அரசு கடல் தகவல் மையம். ஆனா பாக் விரிகுடா ஆழமே இல்லாத கடல், அங்க போய் ஆர்கோவ தேடாதீங்க! மன்னார் வளைகுடாவுல 2016-ல கடல் சூடாகி பவளப்பாறை வெளுத்துச்சே, அந்த மாதிரி விஷயத்துக்கு நோவாங்கிற அமெரிக்க கடல், வானிலை அமைப்போட கோரல் ரீஃப் வாட்ச் தளத்த பாருங்க, சாட்டிலைட் வெப்பநிலை 5 கிலோமீட்டர் கட்டமா தினமும் வருது.

ஆரம்பிக்க ஒரு வேலை சொல்றேன். யுனெஸ்கோ பக்கம் நடக்குற ஓபிஸ்ங்கிற கடல் உயிரின தகவல் தளத்துல ஆவுளியா, அதாவது கடற்பசு, எங்க எப்ப பாத்தாங்கங்கிற பதிவெல்லாம் இறக்கி மேப்ல போடுங்க. புள்ளி ஏதாவது நிலத்துல விழுதா, ஒரே பதிவு ரெண்டு தடவ இருக்கா, வருஷம் விட்டுப்போயிருக்கான்னு பாத்து சுத்தம் பண்ணுங்க, நிஜ வேலையிலயும் பாதி நேரம் இதுதான் ஓடும். அதுமேல 2022-ல தஞ்சாவூர், புதுக்கோட்டை கடல்ல அறிவிச்ச 448 சதுர கிலோமீட்டர் கடற்பசு காப்பகத்தோட எல்லைய வரைங்க. பதிவு இல்லாத இடத்துல ஆவுளியாவே இல்லன்னு மட்டும் எழுதிடாதீங்க, அங்க யாருமே போய் கணக்கெடுக்காம இருந்திருக்கலாம். தொண்டி பக்கம் வலை போடுறவங்கள கேளுங்க, எங்க கடல்புல் இருக்கு, எந்த மாசம் பாத்தாங்கன்னு அவங்க சொல்வாங்க, ஹைதராபாத்துல உக்காந்து ப்ரோக்ராம் எழுதுறவங்களுக்கு இது கிடைக்காது. ஆனா மீனவங்க சொன்ன சரியான இடத்த பப்ளிக்கா போடாதீங்க, வேட்டைக்காரனும் இன்டர்நெட் பாக்குறான்.

நீங்க எழுதுன ப்ரோக்ராம கிட்ஹப்ங்கிற தளத்துல எல்லாரும் பாக்குற மாதிரி போட்டு, அந்த லிங்கோட மண்டபம், தூத்துக்குடில இருக்குற ஆராய்ச்சியாளர்களுக்கு நாலு வரி மெயில் போடுங்க. சிவி ஒரு பக்கம் போதும்.